அடைத்தது வடிகட்டி, கிழிந்தது ரப்பர் குழாய்: ஒரு பிஎஸ் 6 டீசல் வண்டியின் நிகழ்வு ஆய்வு

டீசல் வண்டியில் டிபிஎஃப் விளக்கு (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு) எரிந்தால் பட்டறைகளில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றே: "ஊருக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள், நெடுஞ்சாலையில் ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்." பல வண்டிகளுக்கு இது சரியான பதில்தான். ஆனால் இங்கே எழுதப்போகும் வண்டி வாரந்தோறும் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அப்படியும் அதன் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருந்தது.

ஈரோட்டில் ஜவுளி வணிகம் செய்யும் ஒரு பெரியவரின் வண்டி அது. 2021ஆம் ஆண்டு மாடல், இரண்டு லிட்டர் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக் கியர், 62,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருந்தது. எங்களிடம் வந்தபோது டிபிஎஃப் விளக்கும் என்ஜின் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்தே எரிந்தன. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டவில்லை. என்ஜினைக் காக்க ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11க்கு இறங்கியிருந்தது.

அதற்கு முன் வேறொரு பட்டறையில் இரண்டு முறை ஸ்கேனர் மூலம் கட்டாய ரீஜென், அதாவது வடிகட்டியில் சேர்ந்த கரியை வலிந்து எரிக்கும் வேலை, செய்திருந்தார்கள். முதல் முறை செய்தது இரண்டு மாதம் தாங்கியது. இரண்டாம் முறை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதன்பின் புது வடிகட்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொருவர், உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளில் விளக்கை அணைத்துவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

"வாரா வாரம் கோயம்புத்தூர் போய் வருகிறேன் தம்பி. அப்புறமும் ஊருக்குள் ஓட்டுவதால்தான் அடைக்கிறது என்கிறார்களே" என்றார் பெரியவர். இந்த வழக்கின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

வடிகட்டி என்ன செய்கிறது

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று முந்தைய பிஎஸ் 4 விதி அனுமதித்த துகள் அளவு 25 மில்லிகிராம். பிஎஸ் 6 அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. வடிகட்டி இல்லாமல் இந்த வரம்புக்குள் நிற்பது நடைமுறையில் இயலாது. அதனால்தான் இன்றைய டீசல் கார்களில் புகைபோக்கிக் குழாயின் தொடக்கத்திலேயே, என்ஜினை ஒட்டியபடி இந்தப் பீங்கான் வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்ணிய கால்வாய்கள். ஒரு கால்வாயின் முன்வாய் திறந்து பின்வாய் மூடியிருக்கும். பக்கத்துக் கால்வாய் அதற்கு நேர்மாறு. ஆகவே புகை நுண்துளைச் சுவரின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். சேர்ந்த கரியை எரிப்பதுதான் ரீஜென். வண்டி பாரம் ஏற்றி நீண்ட தூரம் ஓடும்போது 250 முதல் 400 டிகிரி சூட்டில் நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால் கரியில் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். அது போதாதபோது ஈசியூ கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, வடிகட்டியின் வாயில் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரித்துத் தள்ளும்.

ஆகவே விளக்கு எரிந்தால் என்ன நடந்திருக்கலாம்? கரி வழக்கமான அளவில்தான் சேர்கிறது, ஆனால் எரியவில்லை என்பது ஒன்று. எரிகிறது, ஆனால் எரிவதைவிட வேகமாகச் சேர்கிறது என்பது இன்னொன்று. சேர்ந்திருப்பது கரியே அல்ல, என்ஜின் ஆயிலிலிருந்து வந்த சாம்பல், அது எந்தச் சூட்டிலும் எரியாது என்பது மூன்றாவது. வடிகட்டி நன்றாகவே இருக்கிறது, அழுத்தத்தை அளக்கும் சென்சாரோ அதன் குழாயோ தவறாகச் சொல்கிறது என்பது நான்காவது. கட்டாய ரீஜென் முதல் வகைக்கு மட்டுமே மருந்து. எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் அந்தப் பொத்தானை அழுத்துவதைச் சிகிச்சை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கேட்டதும் படித்ததும்

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் பெரியவரிடம் கேட்டேன்: வண்டியை நிறுத்திய பிறகும் மின்விசிறி ஓடுகிறதா? "ஒன்றுவிட்டு ஒருநாள் ஓடுகிறது. வீட்டு வாசலில் நிறுத்தினால் தெரு முழுக்கக் கேட்கும்" என்றார். ரீஜென் நடக்கும்போது பாதியில் வண்டியை அணைத்தால் பெரும்பாலான வண்டிகளில் இப்படித்தான் விசிறி தொடர்ந்து ஓடும். அது ஒன்றுவிட்டு ஒருநாள் நடக்கிறதென்றால் ரீஜென் தொடங்காமல் இல்லை. அளவுக்கு மீறித் தொடங்குகிறது.

ஸ்கேனர் அதை எண்ணால் உறுதிசெய்தது. கடைசியாக நடந்த ரீஜென்களுக்கு இடைப்பட்ட தூரத்தை இந்த வண்டியின் ஈசியூ சேமித்து வைக்கும். 118, 96, 131, 74 கிலோமீட்டர் என்று இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் இதே ரக வண்டி நானூறு கிலோமீட்டரை ஒட்டித்தான் ரீஜென் செய்யும். மிகக் குறைந்த தூரம் பதிவாகியிருந்தது கோயம்புத்தூர் போய்வந்த நாளில் என்பதைப் பெரியவரின் நாட்குறிப்பை வைத்துச் சரிபார்த்தோம். நெடுஞ்சாலையில் சுத்தமாக வேண்டிய வடிகட்டி, நெடுஞ்சாலையில்தான் வேகமாக நிரம்பியிருக்கிறது.

பதிவான பிழைக் குறியீடுகள் இரண்டு. பி 2463, அதாவது கரி மிகுதி. கூடவே பி 0299, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போவின் அழுத்தம் போதவில்லை என்பது. இரண்டாவது குறியீடு விட்டுவிட்டு வருவதாகப் பதிவாகியிருந்தது. முந்தைய பட்டறையில் ஒவ்வொரு முறையும் குறியீடுகளை அழித்துவிட்டுத்தான் ரீஜென் செய்திருக்கிறார்கள். பழைய பதிவு எதுவும் மிச்சமில்லை. படித்து, படம் பிடித்து வைக்காமல் குறியீட்டை அழிப்பது நோயாளியின் பழைய சீட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். இளைய மெக்கானிக்குகளுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அதே பட்டறை ஒரு நல்ல காரியமும் செய்திருந்தது. இரண்டாம் ரீஜென் முடிந்ததும் எடுத்த அளவுகளை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். நிலைச்சுற்றில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தில்) வடிகட்டியின் முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்த வேறுபாடு 4 மில்லிபார், 2,500 சுற்றில் 22. சாம்பல் நிறைந்த வடிகட்டி ரீஜென் முடிந்தாலும் இவ்வளவு கீழே இறங்காது. ஆயில் பில்களையும் பார்த்தோம்: டிபிஎஃப் வண்டிக்கு உரிய குறைந்த சாம்பல் ஆயில், ஏசிஇஏ சி3 தரம், ஒவ்வொரு முறையும் அதுவே. மூன்றாவது வகை அத்துடன் விலகியது. லட்ச ரூபாய் வடிகட்டி தேவையில்லை என்பதும் அந்தத் தாளிலேயே ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

சென்சாரை நம்பலாமா

வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் என்ஜினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு வெப்ப சென்சார்களைப் படித்தோம். டர்போவுக்கு முன், வடிகட்டிக்கு முன், வடிகட்டிக்குப் பின், குளிர்நீர், உள்ளிழுக்கும் காற்று எல்லாமே 27, 28 டிகிரி என்று ஒன்றாக நின்றன. ஆறிய வண்டியில் ஏதாவது ஒன்று 50 என்றோ 10 என்றோ காட்டினால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது. காசில்லாத இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை.

அழுத்த வேறுபாட்டுச் சென்சாருக்கு வடிகட்டியின் முன்னும் பின்னும் இருந்து இரண்டு சிறு குழாய்கள் வருகின்றன. பாதி இரும்பு, பாதி ரப்பர். சூட்டில் ரப்பர் வெடிக்கும், கரியும் நீரும் சேர்ந்து உள்ளே அடைக்கும், சில சமயம் கழற்றியவர் இரண்டையும் மாற்றிப் பொருத்திவிடுவார். இந்த வண்டியில் மூன்றும் இல்லை. என்ஜின் ஓடாதபோது சென்சார் சுழியம் காட்டியது. முன்குழாயில் ஒரு தனி அழுத்தமானியையும் கிளை பிரித்து இணைத்து, என்ஜினை இயக்கி ஒப்பிட்டோம். நிலைச்சுற்றில் 18, 2,500 சுற்றில் 96 மில்லிபார் என்று சென்சார் சொன்னதற்கு மானியும் ஒத்துப்போனது. அடைப்பு உண்மைதான்.

மீதியிருந்தது இரண்டாவது வகை: கரி அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. குளிர்நீர் 87 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றதால் தெர்மோஸ்டாட் சரி. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு ஈசியூ போடும் திருத்த அளவுகள் நான்கும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தன. திரும்பி வழியும் டீசலை நான்கு குப்பிகளில் பிடித்துப் பார்த்ததிலும் வித்தியாசமில்லை. புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு சொன்ன இடத்தில் நின்றது. எல்லா விரலும் பி 0299 பக்கமே நீண்டன.

காரணமா, விளைவா

இங்கேதான் நிதானம் வேண்டும். வடிகட்டி அடைத்தால் பின்னழுத்தம் ஏறி, டர்போ திணறி, அழுத்தம் குறையும். அதனால் பி 0299 வடிகட்டி அடைத்ததன் விளைவாகவும் இருக்கலாம். மாறாக டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே காற்று கசிந்தாலும் அதே குறியீடு வரும். அப்போது அதுவே அடைப்புக்குக் காரணம். குறியீட்டை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டுவது காற்றின் கணக்கு. அடைப்பினால் அழுத்தம் குறைந்திருந்தால் உள்ளே வரும் காற்றும் குறைந்திருக்கும்; ஏர் ஃபில்டரை அடுத்து, உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரும் குறைத்தே காட்டும். கசிவு என்றால் எம்ஏஎஃப் அளந்த காற்று அதிகமாகவும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைவாகவும் இருக்கும். அளந்தபின் வழியில் காணாமல் போகிறது என்று பொருள்.

சித்தோடு தாண்டிய மேம்பாலத்து ஏற்றத்தில், 2,400 சுற்றில், ஈசியூ போட்ட 3,000 சுற்று வரம்புக்குள்ளேயே முழு மிதியில் பதிவெடுத்தோம். ஈசியூ கேட்ட அழுத்தம் 2,200 மில்லிபார்; கிடைத்தது 1,850. இரண்டு லிட்டர் என்ஜின் 2,400 சுற்றில் நொடிக்கு 40 லிட்டர் காற்றை இழுக்கும். 1,850 மில்லிபார் அழுத்தத்தில், 50 டிகிரி சூட்டில் அந்த 40 லிட்டரின் எடை ஏறத்தாழ 80 கிராம். சிலிண்டர்கள் முழுக்க நிரம்பினாலும் அதற்கு மேல் உள்ளே போக இடமில்லை. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே போகும். எம்ஏஎஃப் காட்டியதோ நொடிக்கு 93 கிராம். குறைந்தது 13 கிராம் காற்று எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது. 93 கிராம் காற்று வந்துவிட்டதாக நம்பி ஈசியூ டீசலை அளந்து கொடுத்தது, காற்றோ போதவில்லை. எரியாத மிச்சமெல்லாம் கரியாகி வடிகட்டியில் போய் அடைந்தது.

கசிவை நேரில் பார்க்க வேண்டும். புகை இயந்திரத்தின் மென்மையான அழுத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. காற்றுவழியின் வாயை அடைத்து, கம்ப்ரசரிலிருந்து ஒரு பார் அழுத்தம் கொடுத்து, சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே போனோம். டர்போ ஊதிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்கு ஏறும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பின் விளிம்பை ஒட்டிச் சோப்பு நுரை பொங்கியது. மேலிருந்து பார்த்தால் குழாய் புதிது போலத்தான் இருந்தது. கழற்றித் திருப்பியதும் ஆயில் வியர்வையும் அதில் ஒட்டிய மண்ணுமாக ஒரு கறுப்புத் திட்டு. அதை விரலால் விரித்தபோது ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உதடு போலத் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அழுத்தம் குறைவு என்பதால் அந்தக் கிழிசல் மூடியே இருக்கும். நெடுஞ்சாலையில் டர்போ முழுமூச்சாக ஊதும்போது திறக்கும். பெரியவரின் கேள்விக்கு விடை அதுதான்.

இதே கிழிசல் பிஎஸ் 4க்கு முந்தைய வண்டியில் விழுந்திருந்தால் பின்னால் வருபவரே சொல்லியிருப்பார். ஏற்றத்தில் கரும்புகை கக்கும். மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டு "ஹோஸ் கிழிந்திருக்கிறது" என்று பத்து நிமிடத்தில் முடித்திருப்பார். இந்த வண்டியின் புகைபோக்கி முனைக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தோம். விரலில் கறை இல்லை. வடிகட்டி உடையாமல் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் நம் தொழிலின் மிகப் பழைய அடையாளமான புகையை அந்த வடிகட்டி வெளியே விடாமல் விழுங்கிவிடுகிறது. கரியைக் கூட்டும் எந்தக் கோளாறு என்ஜினில் வந்தாலும் அது இனி கரும்புகையாக அல்ல, டிபிஎஃப் விளக்காகத்தான் முதலில் தெரியும். விளக்கு எரிந்தவுடன் வடிகட்டியைக் குற்றவாளியாக்குவது இதனால்தான் தவறு. அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் நிரம்பியது.

சரிசெய்த வரிசை

முதலில் குழாய், கூடவே இரண்டு பக்கக் கிளாம்ப்புகளும். மீண்டும் ஒரு பார் அழுத்தம் கொடுத்துச் சோப்பு நீர் தடவி, நுரை இல்லை என்று கண்ட பிறகே அடுத்த வேலை.

அடுத்து ஆயில். அளவுக் கம்பியில் உச்சக் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறி நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. ரீஜெனுக்காகத் தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ரீஜென் அடிக்கடி நடந்து பாதியில் நின்றால் ஆயில் இப்படித்தான் கூடும். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தேய்க்கும். மேலும் கூடினால் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு. எனவே மிகுதியை முதலில் வடித்து அளவுக்குக் கொண்டுவந்தோம். முழு ஆயில் மாற்றத்தை ரீஜெனுக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். முன்பே மாற்றினால் புது ஆயிலிலும் டீசல் கலக்கும்.

அப்போது ஈசியூ கணக்கிட்ட கரி 38 கிராம். இந்த வண்டிக்கு ஸ்கேனர் ரீஜென் செய்யத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் உச்சவரம்பு 45. அதைத் தாண்டியிருந்தால் வடிகட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்; மிகுந்த கரி ஒரேயடியாகத் தீப்பிடித்தால் பீங்கான் விரிசல்விடும் அல்லது உருகும்.

நின்றபடி செய்யும் ரீஜெனைவிட ஓடும்போது செய்வதையே நான் விரும்புகிறேன். பெருந்துறையைத் தாண்டி 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சுங்கச்சாவடி குறுக்கிடாத நீட்சியில், சீரான வேகத்தில் ஓட்டினோம். பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கரி எரிந்துகொண்டிருக்கும்போது சட்டென்று காலை எடுத்து நிலைச்சுற்றுக்கு இறக்குவதுதான் மிகவும் ஆபத்தான நொடி. புகையில் ஆக்சிஜன் கூடிவிடும், சூட்டை வெளியே அள்ளிக்கொண்டு போகும் காற்றோட்டம் குறைந்துவிடும், உள்ளே சூடு கிடுகிடுவென ஏறும். வடிகட்டி வாயில் சூடு 590 முதல் 620 டிகிரிக்குள் நின்றது. கரி படிப்படியாக இறங்கி 4 கிராமில் முடிந்தது. பட்டறையில் நின்றபடி செய்ய நேர்ந்தால் திறந்த வெளி, சிமென்ட் தரை, கையருகே தீயணைப்பான், அடியில் காய்ந்த புல்லோ கந்தலோ இல்லாதிருத்தல் இவையெல்லாம் கட்டாயம்.

திரும்பியதும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினோம். ஸ்கேனரில் "புது வடிகட்டி பொருத்தப்பட்டது" என்று ஒரு தேர்வு இருக்கும். விளக்கை அணைக்கும் குறுக்குவழியாக அதை அழுத்துகிறார்கள்; அழுத்தினால் சாம்பல் கணக்கு சுழியத்துக்குப் போய், அதன்பின் ஈசியூ போடும் கரிக்கணக்கு முழுவதும் தவறாகும். பழைய வடிகட்டியில் அதைத் தொடவே கூடாது.

வெட்டி எடுக்கும் யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மாசு விதியை மீறுவதற்கு 190ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை விடுங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் பட்டறையில் வேலை செய்யும் நம் பையன்கள். மேலும் இந்த வண்டியில் வடிகட்டியை வெட்டியிருந்தால் கிழிந்த குழாய் அப்படியே இருந்திருக்கும். இல்லாத அழுத்தத்தைத் தேடிச் சுழன்று சுழன்று டர்போ ஒருநாள் போயிருக்கும்.

ரீஜென் முடிந்த அன்று நிலைச்சுற்றில் 4, 2,500 சுற்றில் 24 மில்லிபார். ஆனால் முந்தைய பட்டறையின் தாளிலும் ஏறக்குறைய இதே எண்கள்தானே இருந்தன? ஆகவே அந்த எண்களை வைத்து வேலை முடிந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதே மேம்பால ஏற்றத்தில் மீண்டும் பதிவெடுத்தபோது கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் 30 மில்லிபாருக்குள் ஒத்துப்போயின. எம்ஏஎஃப் கணக்கும் நேரானது. அடுத்த மாதம் வண்டியை வரச்சொல்லி ரீஜென் தூரங்களைப் பார்த்தோம்: 392, 430, 405. மைலேஜ் பழையபடி 14ஐத் தொட்டிருந்தது. ஆயில் கோட்டிலேயே நின்றது.

புது வடிகட்டி எப்போதுதான் மாற்ற வேண்டும் என்று பெரியவர் கேட்டார். ரீஜென் முடிந்தபின் எடுக்கும் அழுத்த வேறுபாடு ஆண்டுக்காண்டு எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பார்த்துத்தான் சாம்பலின் அளவைச் சொல்ல முடியும். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த இரண்டு எண்களையும் பில்லின் பின்புறம் எழுதித் தருவதாகச் சொன்னேன். விசிறி ஓடும் சத்தம் கேட்டால் வண்டியை அணைக்காமல் பெருந்துறை சாலையில் ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லியிருக்கிறேன்.